பெருச்சாளியும் நம் புல்வெளியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவரையும் இளங்கோவையும் கம்பரையும் பற்றிப் பேசுதலே நம் மரபு. நமக்கு முன் பேசிய புலவர் பெருமக்கள் அம்மரபினை இனிது காத்தனர். நமக்குச் செயற்குழுவினர் தந்த தலைப்போ பெருச்சாளி. சிரிக்கின்றீர்கள், சிரிக்கத்தக்கதே. ஆயினும் சென்ற மழைக்காலத்தில் நம் காலனியின் மேற்குக் காம்பவுண்டுச் சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்து நின்றபொழுது எவரும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்வையிட வந்த பொறியாளர் அடித்தளத்தின் ஓரத்தில் ஒரு கம்பியை விட்டார். அது தடையின்றி மூன்றடி உள்ளே சென்றது. சுவரின் அப்புறம் பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்திருக்கும் இடம். இதனை நினைந்தே செயற்குழுவினர் இத்தலைப்பினைத் தந்தனர் என்று கொள்க.

முதற்கண் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்தல் வேண்டும். நம் காலனிப் பிள்ளைகள் சிலர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்றனர். புல்வெளியில் இரவோடிரவாக மண்மேடுகள் எழுகின்றன என்று பெற்றோர் சொல்லக் கேட்டு, "அது மோல் என்னும் பிராணியின் வேலை" என்று அவர்கள் முடிவு கட்டினர். ஆமணக்கெண்ணெய் கலந்த மருந்தும், தரையில் ஊன்றினால் விட்டுவிட்டு அதிரும் கருவியும் வாங்கி அனுப்பினர். அன்பிற்குக் குறைவில்லை, ஆள்தான் மாறிவிட்டது. மோல் என்பது எலி இனமே அன்று. பட்டுப்போன்ற மயிரும், மண்வெட்டி போன்று அகன்ற முன்கைகளும், இருந்தும் இல்லாதன போன்ற கண்களும் உடைய அப்பிராணி மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழுவைத் தின்பது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புல்வெளி வளர்ப்போர்க்கு அது தீராத தலைவலி. நம் நாட்டில் அவ்வினம் டார்ஜிலிங், சிக்கிம், அஸ்ஸாம் முதலிய இமயச் சாரற் பகுதிகளில் உண்டு, தென்னாட்டில் இல்லை, மும்பையிலும் இல்லை. மண்புழு தின்னும் பிராணிக்குச் சொன்ன மருந்து, மீந்த இட்லி தின்னும் பிராணிக்குப் பலிக்குமா? அதிரும் கருவியை ஊன்றிய இடத்திற்கு ஒரு முழம் தள்ளி மூன்றாம் நாளே புதுமண் எழுந்ததை நாம் அனைவரும் கண்டோம்.

நம் புல்வெளியிலும் அதன் அண்டையிலும் உலவுவன மூன்று. அவற்றைப் பிரித்தறிதலே பாதி வேலை.

முதலாவது மூஞ்சூறு. நீண்டு கூர்ந்த மூக்கு, சிறு கண், சுவரோரமாகவே ஓட்டம், கீச்சென்ற ஒலி, கத்தூரி போலும் ஒரு கடுநாற்றம். இவை அதன் அடையாளங்கள். மராத்தியர் இதனைச் சிசுந்த்ரி என்பர். இதுவும் எலியன்று. கரப்பான், பூச்சி, புழு இவற்றை வேட்டையாடி உண்பது. தாயின் வால்புறத்தை ஒரு குட்டி கவ்வ, அக்குட்டியை அடுத்த குட்டி கவ்வ, ரயில் வண்டிபோல் தொடர்ந்து செல்லும் இதன் குடும்பத்தைச் சிலர் கண்டிருக்கக்கூடும். இது வளை தோண்டிச் சுவரைச் சாய்ப்பதில்லை. இதனை அடித்துக் கொல்வது நமக்காகக் கரப்பான் பிடிக்கும் ஊதியமில்லா ஊழியனைக் கொல்வதாகும். குளியலறையில் அதனைக் கண்டால் கதவைத் திறந்து வழிவிடுக, போய்விடும்.

இரண்டாவது கூரை எலி. உடலினும் நீண்ட வால், பெரிய காது, குழாயிலும் கம்பியிலும் ஏறும் வித்தை. மூன்றாம் மாடி அடுக்களையில் பருப்புப் பையைக் கடித்தவன் இவனே. தரைக்கு அடியில் நடப்பவற்றிற்கு இவன் பெரும்பாலும் பொறுப்பல்லன்.

மூன்றாவதே நம் தலைப்பு. பெருச்சாளியில் இரு வகை உண்டு. பெரியது பூனைக்குட்டியினும் பருத்து ஒரு கிலோ எடைக்கும் வளரும். வயதான பூனைகள் அதனைக் கண்டு வேறுபக்கம் பார்த்துக்கொண்டு செல்வதை நாம் கண்டதுண்டு. சிறியது அதில் மூன்றில் ஒரு பங்கு எடையே உடையது. ஆயினும் தோண்டுவதில் பெரியதினும் சூரன். மழுங்கிய முகம், முரட்டு மயிர், உடலினும் குறுகிய வால். வழிமறித்தால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றிபோல் உறுமும். தெலுங்கர் இதற்கு இட்ட பெயர் பந்திகொக்கு, அதாவது பன்றியெலி. அச்சொல்லையே ஆங்கிலேயர் பாண்டிகூட் என்று ஆக்கிக்கொண்டனர். பின்னர் ஆஸ்திரேலியாவில் கண்ட தொடர்பில்லா வேறொரு பிராணிக்கும் அதனையே சூட்டிவிட்டனர். மராத்தியிலும் இந்தியிலும் இதன் பெயர் கூஸ். இந்தியில் கூஸ் என்பது லஞ்சத்திற்கும் பெயர். இருளில் தோண்டிச் சேர்க்கும் இருவர்க்கும் ஒரே பெயர் வைத்தவர் அனுபவசாலியே.

'எலி வளையானாலும் தனி வளை' என்னும் பழமொழியை மும்பையில் வீடு தேடியவர் எவரும் மறவார். இப்பழமொழி சிறிய பெருச்சாளியின் வகையில் முற்றிலும் உண்மை. வளர்ந்த பெருச்சாளி ஒரு வளையில் ஒன்றே வாழும்; தாயும் பால்மறவாக் குட்டிகளும் சேர்ந்திருத்தலே விலக்கு. ஒரு வளைக்குப் பல வாயில்கள். உள்ளிருக்கும்பொழுது வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஆகவே வெளியே ஈரமண் குவியலும், நடுவே அடைபட்ட துளையும் கண்டால் ஆள் உள்ளே என்று பொருள். உள்ளே கிளைவழிகள், குட்டி ஈனும் அறை, தானியம் சேர்க்கும் அறை என அரண்மனை போலும் அமைப்பு உளது. தஞ்சைத் தரணியில் அறுவடைக்குப் பின் வரப்பை வெட்டி, எலி சேர்த்த நெல்லைக் கூடை கூடையாக அள்ளியதை நம்முள் முதியோர் கண்டிருப்பர். சினையுற்ற பெருச்சாளி மூன்று வாரம் சிறிது கடந்தால் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் ஆறு, எட்டு, சில வேளை பத்துக்கும் மேல். அக்குட்டிகள் மூன்று மாத அளவில் தாமே பெற்றோர் ஆகும். கல்கத்தாவின் தானியக் கிடங்குகளில் இச்சிறிய பெருச்சாளியை ஆராய்ந்த ஜுவான் ஸ்பில்லட் என்பவரின் நூல் 1968இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டதில் நம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கும் பங்குண்டு. கிடங்கு நிறைந்த ஊரில் கிடங்கிலும், புல்வெளியும் எச்சில் இலையும் உள்ள ஊரில் புல்வெளியிலும் அது குடியேறும். நன்றாக நீந்தவும் வல்லது. கடலேற்றமும் பெருமழையும் ஒன்றுகூடிக் கால்வாய்கள் நிரம்பும் நாளில் தாழ்ந்த வளைகளில் நீர் புகும். அப்பொழுது அவை மேடு நாடி ஏறும். நாள்தோறும் நீர் பாய்ச்சி நாம் மென்மையாக்கி வைத்துள்ள புல்வெளியே அம்மேடு.

இந்நகரத்திற்கும் எலிக்கும் உள்ள உறவு நெடியது. 1896ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பவர் பிளேக் நோயைக் கண்டறிந்தார். ஊர் கலைந்தது. ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சுகளோடு மக்கள் மோதினர். அவ்வாண்டின் இறுதியில் இந்நகரில் இருந்துகொண்டே தடுப்பூசி சமைத்த ஹாஃப்கின், 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனைத் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டு சோதித்தார். பரேலில் அவர் பெயரால் விளங்கும் நிலையத்தை நாம் பேருந்திலிருந்து பார்த்துச் செல்கின்றோம். 1898இல் கராச்சியில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் சிமோன், எலியிடமிருந்து மனிதனுக்கு அந்நோயைக் கொணர்வது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். முதலில் நம்ப மறுத்த உலகம், பரேலில் அடுத்த பத்தாண்டில் நடந்த ஆய்வுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டது.

அதே 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு தோன்றிற்று. காற்றும் வெளிச்சமும் இல்லாச் சந்துகளை விட்டு மக்கள் வெளியேற வேண்டுமென்று தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளைத் திட்டமிட்டது. நம்மவர் மாலையில் காற்று வாங்கும் ஐந்து தோட்டமும், கிங்ஸ் சர்க்கிளைச் சூழ்ந்த அகன்ற வீதிகளும், வீட்டுக்கு வீடு விட்ட இடைவெளியும் அத்திட்டத்தின் பயன். எண்ணிப் பார்த்தால், எலிக்கு அஞ்சியவர்கள் வகுத்த தோட்டங்கள் அவை. இன்று அத்தோட்டங்களிலேயே அவை குடியிருக்கின்றன.

செம்பூரின் கதை இன்னும் சுவையானது. ரயில்வேயில் எழுத்தராக இருப்பதால் இதனைச் சொல்ல நமக்குச் சிறிது உரிமை உண்டு. பிளேக்குக்குப் பின் நகரின் குப்பையை நகருக்கு வெளியே கொட்ட வேண்டுமென முடிவாகித் தேவனார் சதுப்பு நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1906இல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு இட்ட ஒற்றைப் பாதை முதலில் சுமந்தது மனிதரை அன்று, குப்பையை. மனிதர் ஏறும் வண்டி 1924இல்தான் வந்தது. ஆக, செம்பூருக்கு நம்மைவிட முன்னர் வண்டியேறி வந்த குடியிருப்பாளர் யார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நாம் வீடு கட்டியது அவற்றின் ஊரில்.

இங்கே ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. நம் காலனியில் எலி மிகும்பொழுதெல்லாம் "எல்லாம் தாராவிப் பக்கத்திலிருந்து வருவது" என்று சொல்லும் வழக்கம் உளது. இது பிழை. பெருச்சாளி தன் வளையைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குள்ளேயே வாழ்நாளைக் கழிப்பது. பக்கத்தில் உணவிருக்கத் தொலைவிலிருந்து நடந்து வரும் தேவை அதற்கில்லை. நம் புல்வெளிப் பெருச்சாளி நம் எச்சிலை உண்டு, நம் மண்ணில் பிறந்து, நம் சுவரைச் சாய்ப்பது. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டு, வீடு கட்டி, பிள்ளையாருக்குக் கோயிலும் எழுப்பிய நம் மக்கள் இந்நகரின் எலியால் பட்ட துன்பம் நம்மினும் பன்மடங்கு. மழைநீரில் முழங்கால் அளவு நின்று வேலைக்குச் செல்பவர் அவர்களே.

மழைநீர் என்றதும் முதன்மையான செய்திக்கு வருகின்றோம். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை இச்சபையில் மறந்தவர் இரார். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே தண்டவாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் நீரில் நடந்தே வீடு சேர்ந்தோர் ஆயிரக்கணக்கினர். நீர் வடிந்தபின், அதற்குப் பிந்திய வாரங்களில் மருத்துவமனைகள் காய்ச்சற்காரர்களால் நிறைந்தன. அக்காய்ச்சல்களுள் கொடியது லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல். எலி, பெருச்சாளி முதலியவற்றின் சிறுநீரில் வெளிப்படும் நுண்கிருமி, தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் பல நாள் உயிரோடிருந்து, காலில் உள்ள சிறு வெடிப்பு அல்லது புண்ணின் வழியே உடம்பில் ஏறுகின்றது. எலி கடிக்க வேண்டுவதில்லை; எலியைக் காணவும் வேண்டுவதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தாங்கொணா வலி, கண்சிவப்பு. காலம் தாழ்த்தினால் மஞ்சட்காமாலை, சிறுநீரகக் கேடு, மரணம். உரிய வேளையில் மருந்து கொடுத்தால் குணமாகக்கூடியது என்பதே இதில் நெஞ்சை அறுக்கும் செய்தி. "மழையில் நனைந்த காய்ச்சல், கஷாயம் போதும்" என்று நான்கு நாள் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. தேங்கிய நீரில் நடந்தவர், குறிப்பாகக் காலில் காயம் உடையவர், மூன்று நாளுக்குள் மருத்துவரைக் கண்டு தடுப்பு மருந்து வேண்டுமா எனக் கேட்டறிதல் வேண்டும். மாநகராட்சி ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் இதனையே அறிவிக்கின்றது. கருவுற்ற மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் மருந்து வேறு. தாமே கடையில் வாங்கி உண்ணற்க.

இப்பொழுது புல்வெளியை நினைக்க. ஆடி மாதத்தில் அதில் வெறுங்காலோடு ஓடுவோர் நம் குழந்தைகள். மண்மேட்டைக் கையால் தள்ளி ஒழுங்குசெய்பவர் நம் தோட்டக்காரர். அவருக்கு முழங்கால் வரையிலான ரப்பர்ச் செருப்பும் கையுறையும் வாங்கித் தரச் சங்கமும் சொஸைட்டியும் சேர்ந்து செய்யும் செலவு, இன்றைய விழாவின் பந்தற்செலவில் மிகச் சிறு பகுதியே ஆகும்.

சரி, ஒழிப்பது எங்ஙனம்? பலரும் முதலில் நினைப்பது நஞ்சு. இரண்டாண்டுகட்கு முன் குத்தகைக்காரர் ஒருவர் நம் காலனிக்கு வந்தார். ஊஞ்சலின் அடியிலும், செம்பருத்திச் செடியோரத்திலும், திறந்த வெளியில் நஞ்சுக்கட்டிகளை வைத்தார், ரசீது கொடுத்தார், சென்றார். அவ்வாரத்தில் ஒரு பூனையும், பழைய நீர்த்தொட்டியின் கீழ்க் கூடுகட்டியிருந்த வெண்கூகை ஒன்றும் இறந்து கிடந்தன. மூன்று வயதுக் குழந்தை ஒன்று நீலநிறக் கட்டியைக் கையில் எடுத்ததைப் பாட்டி பார்த்துவிட்டதனால் நாம் இன்று இங்கு அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கின்றோம்.

கூகையின் இறப்பைச் சிலர் பொருட்படுத்தவில்லை. அதன் அலறல் அபசகுனம் என்றே எண்ணினர். நம் ஊரில் அது சுடுகாட்டுப் பறவை. வங்காளத்திலோ இலக்குமியின் வாகனம். உண்மையில் இரவுதோறும் எலி பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டும் அது, எந்தக் குத்தகைக்காரரினும் நேர்மையான வேலைக்காரன். தஞ்சை மாவட்டத்து உழவர்கள் வயலில் கூகையும் ஆந்தையும் வந்து அமர்வதற்கென்றே கழிநட்டு வைக்கின்றனர். நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகை தானும் நஞ்சுண்டதாகும். கூகை போனபின் நம் புல்வெளியில் மண்மேடுகள் குறைந்தனவா, கூடினவா என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நஞ்சுகளைப் பற்றிச் சுருங்கச் சொல்கின்றோம். கரிய பொடியாகிய துத்தநாகப் பாஸ்பைடு வயிற்றின் அமிலத்தோடு கூடி நச்சுவாயு ஆவது, உடனே கொல்வது, மனிதர் உண்டால் மாற்று மருந்து இல்லை. மேலும் எலி ஐயுறவு மிக்க பிராணி. சிறிது தின்று நோயுற்றுப் பிழைத்த எலி அவ்வுணவை மறுமுறை தீண்டாது. ஆதலால் நஞ்சில்லா இரையை இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்கிப் பின்னரே நஞ்சு கலப்பர் அறிந்தோர். புரோமாடியோலோன் என்பது குருதி உறையாமற் செய்வது. சில நாள் கழித்தே கொல்லும். ஆகவே எலிக்கு ஐயம் எழாது. மனிதர்க்கு நேர்ந்துவிட்டால் வைட்டமின் கே மாற்றாக உண்டு. வைப்பதாயின் இதனை மட்டும், பூட்டிய பெட்டியில், எலி நுழையும் துளையோடு, சுவரோரத்தில் வைத்தல் வேண்டும். பற்பசை போலும் குழாயில் விற்கும் மஞ்சட்பாஸ்பரஸ் பசையை வீட்டிற்குள் கொணராதீர்கள். அது கல்லீரலைக் கருக்குவது. அதனால் மாண்ட இளம்பிள்ளைகள் தமிழ்நாட்டில் பலர். வளைக்குள் இடும் அலுமினியப் பாஸ்பைடு மாத்திரையைப் பற்றி ஒரே சொல்: வேண்டா. வீட்டுச் சுவரை ஒட்டிய வளையில் இட்டால் அவ்வாயு தரைத்தள வீட்டின் படுக்கையறைக்கு வரும். அதனைப் பொதுமக்கள் கையாளச் சட்டமும் இடந்தருவதில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதென்பது இதுவே.

"பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்லலாமா?" என்று பெரியவர் ஒருவர் நம்மைக் கேட்டார். அவரது பக்தியை வணங்குகின்றோம். வாகனம் மூஞ்சூறா பெருச்சாளியா என்ற வழக்கையும் புலவர்களிடமே விட்டுவிடுகின்றோம். நாம் சொல்வது கொலையைப் பற்றியதன்று, விருந்தைப் பற்றியது. எலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வாயில் விழும் சோறே. நூறு பெருச்சாளியைக் கொன்றாலும் நூறுக்கு வேண்டிய உணவு கிடக்குமாயின் சில மாதத்தில் மீண்டும் நூறு. இவ்விருந்தை இடுவோர் யார்? மாடியிலிருந்து மீந்த சாதத்தைக் காக்கைக்கென வீசுவோர். புறாவுக்குச் சோளத்தையும் பருப்பையும் தரையில் இறைப்போர். சதுர்த்தி முடிந்து நிர்மாலியத்தோடு கொழுக்கட்டையையும் தேங்காய் மூடியையும் அரசமரத்தடியில் வைப்போர். குப்பைவண்டி காலை எட்டு மணிக்கு வருமென்று தெரிந்தும் இரவு பத்து மணிக்கே பையைக் கீழே வைப்போர். இரவு பத்து முதல் காலை எட்டு வரை பெருச்சாளியின் அலுவல் நேரம். காக்கைக்கு வைக்கும் பிடிசாதத்தைச் சன்னல் திட்டில் தட்டில் வைத்து, காக்கை உண்டபின் தட்டைக் கழுவி வைத்தால் நோன்பும் கெடாது, புல்வெளியும் கெடாது.

அடுத்தது வளை. எத்தனை வளை உண்டு, அவற்றுள் எத்தனையில் ஆள் உண்டு என்று தெரியாமல் செலவிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்கெழுதுவது போன்றது. ஒரு மாலையில் காலனி முழுதும் நடந்து காணும் துளைகளையெல்லாம் மண்ணால் மூடி, ஒவ்வொன்றின் அருகிலும் சுண்ணாம்பால் எண்ணிடுக. மறுநாட் காலையில் எவை திறந்துள்ளனவோ அவையே குடியுள்ள வளைகள். நாற்பது துளை கண்டு நடுங்கியவர், மறுநாள் திறந்தவை ஒன்பதே என்று கண்டு மூச்சு விடுவர். அவ்வொன்பதில் கூண்டும் பெட்டியும் வைக்கலாம். தஞ்சைப் பக்கத்தில் மூங்கில் வில்லால் செய்யும் கிட்டி வைத்து எலி பிடிப்பதையே தொழிலாகக் கொண்டோர் உளர். இருளர் வளைவாயில் புகையூதி எலியைப் பிடிப்பதில் இணையற்றவர். நஞ்சு ஒரு துளியும் வேண்டாதவர். மும்பையில் அக்கலைஞர் நமக்கு வாய்க்கவில்லை. ஆயின் பழந்தேங்காய்க் கீற்றும் கருவாட்டுத் துண்டும் வைத்த இரும்புக் கூண்டு வாய்க்கும். சைவக் குடும்பத்தார் கருவாட்டைப் பொறுத்தருளுக. கூண்டை இரண்டு நாள் கதவைக் கட்டித் திறந்தே வைத்துப் பழக்கிய பின்னரே பொறியை ஏற்றுதல் நலம்.

குடி வெளியேறிய வளையை உடனே அடைத்தல் வேண்டும். இல்லையேல் அடுத்தவன் வாடகையின்றி வந்துவிடுவான். வெறும் மண் பயனற்றது. சுவரையும் குழாயையும் ஒட்டிய வளைகளில் உடைந்த கண்ணாடியும் ஜல்லியும் கலந்த சிமெண்டைத் திணிப்பது இந்நகரத்துக் கொத்தர்கள் நெடுநாளாகச் செய்வது. குழந்தைகள் விளையாடும் நடுப்புல்வெளியில் மட்டும் கண்ணாடி கூடாது, ஜல்லி போதும். சாய்ந்த மேற்குச் சுவரின் வகையில், அடித்தளத்தை ஒட்டி இரண்டடி ஆழம் தோண்டி, அரை அங்குலத்திற்கு மேற்படாத கண்ணுடைய துத்தநாகம் பூசிய கம்பிவலையைச் செங்குத்தாக இறக்கி, அடியில் ஓரடி வெளிப்புறமாக மடித்துப் புதைத்தல் வேண்டும். தோண்டி வரும் பெருச்சாளி வலையில் முட்டி, மேலும் கீழே தோண்டி, அம்மடிப்பில் முட்டி நிற்கும். செலவு பெரிதே. சாய்ந்த சுவரை இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டுச் சொஸைட்டிக் கூட்டத்தில் முடிவு செய்க. புல்லை இரண்டங்குலத்திற்கு மேல் வளரவிடாமையும், சுவரோரம் இரண்டடி அகலத்திற்குச் செடியின்றிச் சரளை பரப்புவதும் செலவற்றவை. பெருச்சாளிக்குத் திறந்தவெளியில் நடக்கக் கூச்சம் மிகுதி.

மாநகராட்சியின் உதவியையும் நாட வேண்டும். மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, தாராவிக்கு ஜி வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு என வட்ட அலுவலகங்களில் பூச்சியொழிப்புப் பிரிவு உளது. 1916 என்னும் எண்ணில் முறையிடலாம். இந்நகரில் இரவு எலிக்கொல்லிகள் என்றே ஒரு பணியாளர் படை உண்டு. ஒரு கையில் டார்ச்சு விளக்கும் மறுகையில் தடியும் கொண்டு, நாம் உறங்கும் வேளையில் சந்துசந்தாகச் சென்று, இரவொன்றுக்கு முப்பது எலி என்னும் கணக்கை முடித்து, விடியலில் சாக்குமூட்டையோடு எண்ணிக்கை கொடுப்பவர்கள். இவர்களைப் பற்றி மிரியம் சாண்டி மெனச்சேரி என்னும் அம்மையார் 2011இல் ஓர் ஆவணப்படமும் எடுத்துள்ளார். முப்பதுக்கு ஒன்று குறைந்தால் அன்றைய கூலிக்கே இடர் என்று அறிந்தபின், வாட்ச்மேன் அவர்களை வாயிலில் நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்பது நமக்கு உவப்பாகத் தோன்றவில்லை. அவர்கள் வரும் இரவில் வாயில் திறந்திருக்கட்டும். ஒரு குவளைத் தேநீரும் இருக்கட்டும்.

இறந்த எலியைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். வாலைப் பிடித்துத் தூக்கி வீசாதீர்கள். உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி வேறு உடலை நாடும். தொலைவில் நின்று பினாயில் தெளித்து, சிறிது நேரம் கழித்து, இடுக்கியால் எடுத்துப் பையிலிட்டுக் கட்டுக. ஒரே வாரத்தில் காரணமின்றிப் பல எலிகள் செத்துக்கிடக்கக் கண்டால் புதைக்காமல் வட்ட அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும். 1994இல் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்ததும் இங்கிருந்த நாம் மருந்துக் கடைகளில் வரிசை நின்றதை நினைவிற் கொள்க.

இவையனைத்தையும் மழைக்கு முன்னரே செய்தல் வேண்டும். ஜூனில் மண் நனைந்துவிட்டால் சிமெண்டும் பிடிக்காது, சுண்ணாம்புக் குறியும் நில்லாது. ஆகவே மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வளை மூடும் வேலையைத் தொடங்கச் செயற்குழு இசைந்துள்ளது. மேற்குச் சுவரிலிருந்து தொடங்கி, நீர்த்தொட்டி வழியாக, குழந்தைகள் ஊஞ்சல் வரை முதல் நாள். இளைஞர் பன்னிருவரும், எண் எழுத அழகிய கையெழுத்துடைய சிறுவர் இருவரும் வேண்டும். மண்வெட்டி நான்கு தோட்டக்காரரிடம் உள. கையுறையும் மூடிய செருப்பும் இன்றி வருவோரைச் சேர்த்துக்கொள்வதற்கில்லை. திறந்த வளைகளை எண்ணுவதற்கு மறுநாட் காலை ஐந்தரை மணிக்கு வரவேண்டும். ஏழு மணிக்குப் பின் பால்காரரும் பத்திரிகைக்காரரும் மிதித்து அடையாளம் அழிந்துவிடும். பெயர் கொடுக்க விரும்புவோர் மேடையின் இடப்பக்கத்தில் உள்ள நோட்டில் எழுதிச் செல்லலாம்.